ஊரில் 4 லட்சம் சேர்ந்திருக்கிறது. சமுதாயக் கூடம் கட்ட அரசுப் பணம் வாங்குவது எப்படி?

வேப்பமரத்தடி
ஜூலை 11, 2025, இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் டெல்டாவில் இருக்கிறது. சுமார் 600 வீடு. பொதுக் கட்டடம் என்று பார்த்தால் ஒரு ரேஷன் கடை, ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் தெருவை அடைத்துப் பந்தல் போடுகிறோம். பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்கத் தனியாக ஓர் இடம் இல்லை.

போன ஐப்பசியில் ஒரு வளைகாப்பு. காலையிலிருந்து தூறல். பந்தல் துணியில் தண்ணீர் கோத்து, நடுவில் பானை போலத் தொங்கிக்கொண்டே வந்தது. ஒருவர் கழியால் முட்டி வடிக்கப் போனார். துணி கிழிந்து மொத்தத் தண்ணீரும் மணைக்குப் பக்கத்தில் கொட்டியது. வளையல் தட்டு, ஐந்து வகைச் சாதம் எல்லாம் நனைந்து போனது. அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போனோம். அன்று இரவே வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிட்டோம். திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று வெளியே இருக்கும் பிள்ளைகளும் ஊரில் இருப்பவர்களும் சேர்ந்து இதுவரை 4,10,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம்.

இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு அரசிடம் மானியம் வாங்க முடியுமா? இல்லையென்றால் ஊராட்சியின் பெயரில் கடன் கிடைக்குமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய ஓவர்சியர்
ஜூலை 11, இரவு 10.30

தம்பி, நல்ல காரியம். நான் ஊரக வளர்ச்சித் துறையில் பணி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன்.

உங்களுக்குப் பொருத்தமானது நமக்கு நாமே திட்டம். 1997-98இல் வந்தது. 2011க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2021இல் மறுபடியும் பழைய பெயருக்கே வந்துவிட்டது. பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் செய்யும் வேலை என்றால் ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். மக்கள் பங்கை வங்கி வரைவோலையாக (டிடி) எடுத்துக் கொடுக்க வேண்டும். நிர்வாக அனுமதி கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர்.

கையில் 4 லட்சம் இருப்பதால் 12 லட்சம் மதிப்பீடு வரை போகலாம். ஆனால் 12 லட்சம் என்றால் 12 லட்சத்துக்கும் செங்கல் சிமெண்ட் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள்ளேயே 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. அரசு ஒப்பந்தப் பணிகளுக்கு முன்பு 12 சதவீதமாக இருந்ததை 2022 ஜூலையில் 18 ஆக்கினார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம். இதெல்லாம் போகக் கட்டடத்துக்கு நிற்பது சுமார் 10 லட்சம். அஸ்திவாரம், கழிப்பறை, மின் இணைப்பு எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 2,500 என்று வைத்தாலும் 400 சதுர அடிதான் வரும். பள்ளிக்கூடத்தில் இருபதுக்கு இருபது வகுப்பறை பார்த்திருப்பீர்கள் அல்லவா, அந்த அளவு. அதில் வளைகாப்பு நடத்தலாம், கல்யாணம் நடத்த முடியாது. முதலிலேயே ஊருக்கு இதைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் “இவ்வளவு சின்னதா” என்று யாரும் வருத்தப்படக் கூடாது.

---

மணல்மேட்டுக்காரன்
ஜூலை 12, காலை 7.15

எதற்கு இந்தச் சுற்று? நேராக எம்எல்ஏவைப் போய்ப் பாருங்கள். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி இருக்கிறது. எம்பிக்கு 5 கோடி. எங்கள் ஊரில் பயணியர் நிழற்குடை, நாடக மேடை எல்லாம் அப்படி வந்ததுதான். மக்கள் ஒரு பைசா கட்டவில்லை.

---

பழைய ஓவர்சியர்
ஜூலை 12, காலை 8.05

பார்க்கலாம், தப்பில்லை. மனுக் கொடுத்து வையுங்கள். ஆனால் அந்த 5 கோடியை ஒரு எம்பி ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரிக்க வேண்டும். அதிலும் 15 சதவீதம் ஆதிதிராவிடர் பகுதிகளுக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் என்று ஒதுக்க வேண்டும். 2020-21இல் கொரோனா காரணமாக எம்பி நிதியை அடியோடு நிறுத்தியே வைத்திருந்தார்கள். ஒருவர் பரிந்துரையை நம்பி இருப்பதற்கும், நம் பங்கை நாமே கட்டி வரிசையில் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கோயில் நிலத்தில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் அப்போதே மறுத்துவிடுங்கள். எம்பி நிதியில் வழிபாட்டுத் தலத்திலும் சரி, அதற்குச் சொந்தமான நிலத்திலும் சரி, வேலை எடுக்க முடியாது.

---

கடன் பிரிவு
ஜூலை 12, காலை 11.20

கடன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் ஒரு வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

“நபார்டு கடனில் கட்டிய கட்டடம்” என்று பல ஊர்களில் பலகை பார்த்திருப்பீர்கள். நபார்டு என்பது விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி. அதைப் பார்த்துவிட்டு ஊராட்சியே நபார்டுக்கு எழுதலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. அது ஊரக உட்கட்டமைப்பு வளர்ச்சி நிதி. வங்கிகள் விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைக்குக் கொடுக்கவேண்டிய கடனில் குறை வைத்தால், அந்தக் குறைத் தொகையை நபார்டில் போட வேண்டும். அதிலிருந்து மாநில அரசுகளுக்குக் கடன் கொடுக்கிறார்கள். 1995-96இல் 2,000 கோடியில் தொடங்கியது. வாங்குவதும் மாநில அரசு, அடைப்பதும் மாநில அரசு. அடைக்கும் காலம் 7 ஆண்டு, அதில் முதல் 2 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். பள்ளி, சுகாதார நிலையம், அங்கன்வாடி இதெல்லாம் அதில் வரும். ஆனால் எந்த ஊருக்கு என்பதை அந்தந்தத் துறைதான் பட்டியல் போட்டு அனுப்பும். உங்கள் ஊருக்கு அங்கன்வாடிக் கட்டடம் வேண்டும் என்றால், துறையின் பட்டியலில் பெயரை ஏற்றுவதுதான் உங்கள் வேலை.

ஊரில் உள்ளவர்களே வாங்கக்கூடிய கடன் ஒன்று உண்டு. 2020இல் வந்த வேளாண் உட்கட்டமைப்பு நிதி. கிடங்கு, தரம் பிரிக்கும் கூடம், குளிர்பதன அறை மாதிரியானவற்றுக்கு 2 கோடி வரையிலான கடனில் 3 சதவீத வட்டியை 7 ஆண்டுக்கு அரசு ஏற்கும். கூட்டுறவுக் கடன் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், சுய உதவிக் குழு எல்லாம் வாங்கலாம். வளைகாப்புக் கூடம் அதில் வராது. நெல் வைக்கக் கிடங்கு வேண்டும் என்றால் அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

---

மணல்மேட்டுக்காரன்
ஜூலை 12, பகல் 1.02

அப்படியானால் ஊராட்சி கடன் வாங்கவே கூடாதா சார்? கோவைப் பக்கம் ஓர் ஊராட்சி கடன் வாங்கிக் காற்றாலையே போட்டதாகப் படித்த ஞாபகம்.

---

கடன் பிரிவு
ஜூலை 12, பிற்பகல் 2.40

ஓடந்துறையைச் சொல்கிறீர்கள். மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கிறது. 2006இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். விலை 1.55 கோடி. அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, 1.15 கோடி வங்கிக் கடன். அந்த மின்சாரத்தை மின் வாரியத்துக்குக் கொடுத்து, வந்த வருமானத்திலேயே கடனை அடைத்தார்கள். அதைப் பார்த்து வர வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

அந்தக் கடன் அடைந்ததற்குக் காரணம் காற்றாலை மாதாமாதம் பணம் கொடுத்ததுதான். உங்கள் கூடத்தை அதே தராசில் வைத்துப் பாருங்கள். மாதம் மூன்று விசேஷம், ஒவ்வொன்றுக்கும் 1,500 வாடகை என்றால் 4,500. மின்கட்டணம், பெருக்கித் துடைப்பவருக்குச் சம்பளம் போனால் என்ன மிஞ்சும்? கடன் கொடுப்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன், இதற்குக் கடன் வேண்டாம்.

---

முன்னாள் தலைவர்
ஜூலை 12, இரவு 8.50

தம்பி, நான் ஐந்து வருடம் ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தேன். 2020 ஜனவரியில் பதவியேற்று, 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு காலம் முடிந்தது. இப்போது எங்கள் ஊரில் தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான். உங்கள் ஊரிலும் அப்படியே இருக்கும். 2021இல் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில்தான் தலைவர்கள் இருக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், “நிதிக்குழு மானியத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொல்வார்கள். மத்திய நிதிக்குழு பரிந்துரைப்படி ஊராட்சிகளுக்கு வரும் பணம் அது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊராட்சிக்கு அந்த மானியம் வராது. வந்த காலத்திலேயே 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டி வைத்துவிட்டார்கள். மீதி 40இல்தான் ஊருக்குத் தேவையானதைச் செய்தோம்.

இனி நிலம். கட்டடக் காரியம் நின்றால் பத்துக்கு எட்டுத் தடவை நிலத்தில்தான் நிற்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் போய், நினைத்திருக்கும் இடத்தின் சர்வே எண்ணுக்கு ‘அ’ பதிவேடு என்ற நிலப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நத்தம், அதாவது குடியிருப்பு நிலம் என்று இருந்தால் நிம்மதி. குளம், வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு என்று இருந்தால் தொடவே தொடாதீர்கள், தண்ணீர் வற்றிப் பல வருடம் ஆகியிருந்தாலும் சரி. மேய்ச்சல் நிலமும் சிக்கல். பொது நிலங்களைக் காக்கச் சொல்லி 2011இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு அதிகாரிகள் அதில் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள். ஒருவர் தன் சொந்த இடத்தைத் தருகிறார் என்றால் வாய்வார்த்தை உதவாது. தானப் பத்திரமாகப் பதிவு செய்து பட்டாவும் மாறியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இடம் கொடுத்தார், நல்ல மனிதர். பத்திரம் போடுவதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய மூன்று பிள்ளைகளில் ஒருவர் சம்மதிக்கவில்லை. வந்த 9 லட்சமும் திரும்பிப் போய்விட்டது. இன்றைக்கும் அந்த இடத்தைக் கடந்து போகும்போது மனசு கேட்பதில்லை.

அப்புறம் கிராம சபை. ஆகஸ்ட் 15க்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. விட்டால் அக்டோபர் 2. உங்கள் ஊர் மக்கள்தொகை 3,000க்குள் இருந்தால் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். தீர்மானத்தில் “சமுதாயக் கூடம் கட்டித் தர வேண்டும்” என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். சர்வே எண், பரப்பு, மக்கள் பங்கு எவ்வளவு என்பது வரை வர வேண்டும். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, நாளை எழுதுகிறேன். அதுதான் எனக்கு முக்கியம்.

---

வேப்பமரத்தடி
ஜூலை 12, இரவு 10.11

அக்கா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன பிறகுதான் எங்களுக்கே பயம் வந்தது. நாங்கள் நினைத்திருந்த இடம் ஐயனார் குளத்துக் கரை. திங்கட்கிழமை காலையில் விஏஓ அலுவலகம் போகிறேன்.

---

முன்னாள் தலைவர்
ஜூலை 13, காலை 10.25

நேற்று விட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து ஊராட்சியில் ஒரு படிப்பகம் இருக்கிறது. கட்டி எட்டு வருடம் இருக்கும். வாசலில் கருப்புப் பளிங்கில் பெயர்ப் பலகை, உள்ளே வெள்ளை டைல்ஸ். போன மாதம் ஒரு வேலையாகப் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெஞ்சு இரண்டும் கவிழ்த்துப் போட்டபடி. அலமாரியில் புத்தகம் கட்டுப் பிரிக்காமலே இருக்கிறது, சணல் கயிறுகூட அப்படியே. மின்விசிறியின் இறக்கையில் தூக்கணாங்குருவி கூட்டை யாரோ கொண்டுவந்து மாட்டி வைத்த மாதிரி ஒட்டடை. சாவி யாரிடம் என்று கேட்டேன். பழைய தலைவர் வீட்டில் என்றார்கள். அங்கே கேட்டால் ஊராட்சிச் செயலர் என்றார்கள். செயலரோ இடமாற்றத்தில் வந்தவர், அவரிடம் எந்தச் சாவியையும் யாரும் கொடுக்கவில்லை.

அரசாங்கத்தில் கட்டுவதற்குப் பத்துத் திட்டம் இருக்கிறது. கட்டியதைத் திறந்து வைத்திருப்பதற்கு ஒரு திட்டமும் இல்லை. ஊராட்சியின் பொது நிதி என்று சொல்வார்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி சேர்ந்து வருவது தெருவிளக்குக்கும் மோட்டார் பழுதுக்குமே பற்றாது. அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு என்று 29 பொறுப்புகளை எழுதியிருக்கிறார்கள். நூலகம் 20ஆவது. சமுதாயச் சொத்துகளைப் பராமரிப்பது 29ஆவது, கடைசி. நடப்பிலும் அது கடைசியில்தான் இருக்கிறது.

ஆகவே தம்பி, 4,10,000த்தையும் கட்டடத்தில் போடாதீர்கள். அதில் ஒரு பங்கை எடுத்து வங்கியில் வைப்புத் தொகையாகப் போடுங்கள். யார் திறப்பது, யார் பெருக்குவது, மின்கட்டணம் யார் கட்டுவது என்பதை அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஒரு தாளில் எழுதுங்கள். ஊரில் மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு இருக்கும். அவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள். கணக்கு எழுதிப் பழகியவர்கள், மாதம் தவறாமல் கூட்டம் போடுகிறவர்கள்.

---

மணல்மேட்டுக்காரன்
ஜூலை 13, காலை 11.48

அக்கா, மரியாதையோடு சொல்கிறேன், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பணம் கொடுத்தவர்கள் கட்டடத்துக்கென்று கொடுத்தார்கள். பங்கு குறைந்தால் அரசு போடுவதும் குறையும். ஒரு லட்சத்தை வங்கியில் போட்டால் மூன்று லட்சம் கட்டடம் போகிறது. முதலில் கட்டடம் வரட்டும், பராமரிப்பை அப்புறம் ஊர் பார்த்துக்கொள்ளும்.

---

முன்னாள் தலைவர்
ஜூலை 13, பகல் 12.30

“ஊர் பார்த்துக்கொள்ளும்” என்று அந்தப் படிப்பகத்துக்கும் சொன்னார்கள் தம்பி.

---

பழைய ஓவர்சியர்
ஜூலை 13, மாலை 5.10

நான் இந்த விஷயத்தில் தலைவர் அம்மா பக்கம். அதோடு நான் சர்வீஸில் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

மக்கள் பங்கை மக்களே கட்டுகிறார்களா என்று பாருங்கள். “நீங்கள் ஏன் கஷ்டப்படுகிறீர்கள், டிடியை நான் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்” என்று வேலை எடுக்க நினைக்கும் ஒப்பந்ததாரர் வருவார். உங்கள் பணம் மிச்சமாவது போலத் தெரியும். அவர் அதைத் தன் கையிலிருந்து விடமாட்டார். கம்பியில் எடுப்பார், சிமெண்டில் எடுப்பார். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படிக் கட்டிய ஒரு கூடத்தின் கூரை மூன்றாம் மழைக்கே ஒழுகியது. எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அளவு சரியாகத்தான் இருந்தது, கலவை சரியில்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

மக்கள் பங்கு பாதிக்கு மேல் இருந்தால் வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் திட்டத்தில் இடம் உண்டு. உங்களிடம் அவ்வளவு இல்லை, டெண்டர்தான். பரவாயில்லை. காங்கிரீட் போடும் நாளில் ஊர் ஆட்கள் பத்துப் பேர் அங்கே நில்லுங்கள். கலவை இயந்திரத்தில் ஒரு மூட்டைக்கு எத்தனை பெட்டி ஜல்லி, எத்தனை பெட்டி மணல் போகிறது என்று எண்ணுங்கள். கூரைக்கு இரண்டு வாரம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். அதற்கு எந்த அதிகாரியின் அனுமதியும் வேண்டாம்.

---

வேப்பமரத்தடி
ஜூலை 14, இரவு 9.05

விஏஓவைப் பார்த்தேன். ஐயனார் குளத்துக் கரை என்று நாங்கள் சொல்லும் இடம் பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு. அது முடிந்த கதை.

நத்தத்தில் ஊராட்சி பெயரில் இரண்டு இடம் இருக்கிறதாம். ஒன்று மேலத்தெருவில் பழைய ரேடியோ ரூம் இருக்கும் 3 சென்ட். இன்னொன்று காலனிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் 11 சென்ட் காலியிடம். குழுவில் பெரும்பாலானவர்கள் ரேடியோ ரூமை இடித்துவிட்டு அங்கேயே கட்டலாம் என்கிறார்கள்.

---

கீழத்தெரு
ஜூலை 14, இரவு 11.20

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போது எழுதத் தோன்றுகிறது.

முதலில் ஒரு வேண்டுகோள். காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாகக் கடந்த ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவித்துவிட்டார்கள். நாமும் விட்டுவிடலாம்.

எங்கள் ஊரிலும் ஒரு சமுதாயக் கூடம் மேலத்தெருவில் இருக்கிறது. அரசுப் பணத்தில் கட்டியது. இன்னாருக்கு இல்லை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வருடத்தில் எங்கள் பக்கத்து விசேஷம் ஒன்றுகூட அங்கே நடந்ததில்லை. கேட்டால் “அன்றைக்கு வேறு ஆள் சொல்லியிருக்கிறார்கள்” என்பார்கள். என் தங்கை கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே கேட்டோம், அதே பதில். அன்று கூடம் பூட்டியே கிடந்தது. நாங்கள் வயலில் பந்தல் போட்டோம்.

உங்கள் ஊரில் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மனசு நல்லது என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் கட்டடம் எங்கே நிற்கிறது என்பதுதான் யார் உள்ளே வருவார்கள் என்பதை முடிவு செய்கிறது. அந்த 11 சென்ட் இடம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்கிறீர்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் தினமும் நடந்து போகும் இடம். படிப்பகம் இருக்கவேண்டியது அங்கேதானே?

அப்புறம் கணக்கையும் பாருங்கள். ஓவர்சியர் ஐயா முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார். ஆதிதிராவிடர் குடியிருப்புக்கான வேலையாக அது ஏற்கப்பட்டால் உங்கள் பங்கு ஐந்தில் ஒன்றுதான். 15 லட்சம் மதிப்பீட்டுக்கு 3 லட்சம் கட்டினால் போதும். மீதி ஒரு லட்சத்தை அக்கா சொன்ன மாதிரி பராமரிப்புக்கு வைக்கலாம். கூடமும் பெரிதாகும், பணமும் மிஞ்சும்.

---

பழைய ஓவர்சியர்
ஜூலை 15, காலை 6.40

தம்பி கீழத்தெரு, இது எனக்குத் தோன்றவே இல்லை. சரியாகச் சொன்னீர்கள். 15 லட்சத்தில் வரி போக 500 சதுர அடி தாராளமாக வரும். 3 சென்ட் இடத்தில் கழிப்பறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் திண்டாட வேண்டும். மேலும் ரேடியோ ரூமை இடிக்க, கட்டடம் பழுது என்று பொறியாளர் சான்று, அப்புறம் இடிக்க அனுமதி என்று ஆறு மாதம் தனியாகப் போகும். காலியிடத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஒன்று மட்டும் கவனம். ஐந்தில் ஒரு பங்குச் சலுகை அந்தக் குடியிருப்பு மக்களுக்கான வேலைக்குத்தான். பணம் குறைகிறதே என்று அந்தப் பெயரில் வாங்கிவிட்டு, நடைமுறையில் வேறு மாதிரி நடத்தினால் அது பெரிய துரோகம். நிர்வாகக் குழுவில் அவர்கள் இருக்க வேண்டும், சாவியும் அவர்களிடம் இருக்க வேண்டும்.

---

கடன் பிரிவு
ஜூலை 15, காலை 9.30

இதோடு சேர்த்து அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டத்தையும் விசாரியுங்கள். ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்காக ஐந்து ஆண்டில் 1,000 கோடி என்று 2023இல் அறிவித்தது. அந்த இடத்துக்குப் பாதை, விளக்கு, குடிநீர் இல்லையென்றால் அவற்றை அதில் கேட்கலாம். கூடத்தின் மதிப்பீட்டில் சாலையையும் சேர்த்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

---

வேப்பமரத்தடி
ஜூலை 15, இரவு 10.50

கீழத்தெரு அண்ணே, அந்தச் சொல்லை இனி எழுத மாட்டேன், மன்னியுங்கள். நீங்கள் எழுதியதைக் குழுவில் அப்படியே போட்டேன். இரண்டு மணி நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், நேரில் உட்கார்ந்து பேசப் போகிறோம்.

---

வேப்பமரத்தடி
ஆகஸ்ட் 3, இரவு 8.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். பள்ளிக்கூட வாசலில் மூன்று ஞாயிறு கூட்டம் போட்டோம். முதல் கூட்டத்தில் சத்தம்தான் அதிகம். இரண்டாவதில் ஒன்பது பேர் “பள்ளிக்கூடத்துப் பக்கம் என்றால் எங்கள் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்” என்றார்கள். 64,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதில் ஒருவர் என் சொந்தப் பெரியப்பா. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தபோது அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது கையில் 3,46,000 இருக்கிறது. 3 லட்சம் பங்குத் தொகை, 46,000 வைப்புத் தொகை என்று எழுதிவிட்டோம். மகளிர் கூட்டமைப்பில் ஐந்து பேர் பொறுப்பேற்கச் சம்மதித்தார்கள், அவர்களில் மூன்று பேர் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். வாடகை எல்லோருக்கும் ஒன்று, தேதி யார் முதலில் எழுதுகிறார்களோ அவர்களுக்கு. அந்த நோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் வைக்கலாம் என்று ஓர் அம்மா சொன்னார்கள். எல்லோர் கண்ணிலும் படும் என்பதால் உடனே ஒப்புக்கொண்டோம். மாலை ஆறு முதல் ஒன்பது வரை படிப்பகம். விசேஷம் இருந்தாலும் தேர்வு மாதங்களில் அந்த நேரம் பிள்ளைகளுக்குத்தான்.

---

முன்னாள் தலைவர்
ஆகஸ்ட் 3, இரவு 9.30

46,000 போதாது தம்பி. ஆனால் நோட்டு யோசனை அருமை. வாடகையில் பத்தில் ஒரு பங்கை வைப்புத் தொகையில் சேர்ப்பது என்று இன்னொரு வரி எழுதிவிடுங்கள். வெள்ளையடிக்கும் வருடத்தில் கைகொடுக்கும்.

---

மணல்மேட்டுக்காரன்
ஆகஸ்ட் 4, காலை 7.50

தம்பி, பராமரிப்பு விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் ஊர் நாடக மேடையை நேற்றுப் போய்ப் பார்த்தேன். விளக்குக் கம்பம் நான்கில் ஒன்றுதான் எரிகிறது. வைப்புத் தொகைக்கு என் பங்காக 2,000 அனுப்ப நினைக்கிறேன், வெளியூர்க்காரன் பணம் வாங்குவீர்களா?

---

வேப்பமரத்தடி
ஆகஸ்ட் 15, இரவு 7.35

அண்ணே, கூட்டமைப்பில் கேட்டுவிட்டேன், வாங்கிக்கொள்வார்கள். ரசீது கொடுப்பார்கள்.

இன்று கிராம சபை நடந்தது. 100 பேர் வேண்டும், 163 பேர் கையெழுத்துப் போட்டார்கள். சர்வே எண், 11 சென்ட், மதிப்பீடு 15 லட்சம், மக்கள் பங்கு 3 லட்சம், பராமரிப்புப் பொறுப்பு மகளிர் கூட்டமைப்பு என்று எல்லாம் தீர்மானத்தில் வந்துவிட்டது. செயலர் எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னோம். பரப்பை 1 சென்ட் என்று எழுதியிருந்தார், அங்கேயே திருத்தி வாங்கினோம். அக்கா, உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

போன ஐப்பசியில் வளைகாப்பு நடந்ததே, அந்தப் பெண்ணும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். தீர்மானத்தில் அவருடைய கையெழுத்து 41ஆவது. செவ்வாய்க்கிழமை சர்வேயர் அளக்க வருகிறார். கல் நடும்போது இரண்டு தெருவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். ஓவர்சியர் ஐயா, அளவு முடிந்ததும் புல வரைபடத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன். கட்டடத்தின் வாசல் எந்தப் பக்கம் இருந்தால் நல்லது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

பழைய ஓவர்சியர்
ஆகஸ்ட் 15, இரவு 8.20

போடுங்கள் தம்பி. வாசலைப் பள்ளிக்கூடப் பாதையைப் பார்த்து வையுங்கள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் அன்றைக்கே குறித்துக்கொண்டு வாருங்கள், தரைமட்டம் அதை வைத்துத்தான் போட வேண்டும்.